ரணஜன்னி (டெட்டனஸ்)

ஆக்சிஜன் எட்டாத இடத்தில் மட்டுமே பெருகும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டானி என்ற பாக்டீரியா, காயத்துக்குள் சுரக்கும் நஞ்சால் வரும் நோய். இதன் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணக் கொதிநீர் அவற்றை அழிக்கும் என்று நம்ப முடியாது. அறுவைக் கருவிகளை 121 பாகை செல்சியஸ் நீராவியில் 15 நிமிடமாவது வைக்கிறார்கள்.

சென்னையில் மாடுகள் திரியும் மயிலாப்பூர்த் தெருவானாலும், பள்ளம் தோண்டிய தியாகராய நகர்ச் சாலையானாலும் வித்துகள் இருப்பதாகவே கொள்ள வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததே, அதுபோன்ற சேற்றில் வெறுங்காலோடு நடப்பவருக்கு ஆபத்து கூடுதல். பலரும் ஆணியின் துருவைப் பழிக்கிறார்கள். துருவில் நஞ்சில்லை, ஆணி ஆழமாக இறங்கியபின் காயத்தின் வாய் மூடிக்கொண்டு உள்ளே காற்றுப் புகாமல் போவதுதான் கேடு.

பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் நோய் தெரியும். டெட்டனோஸ்பாஸ்மின் என்னும் நஞ்சு நரம்பின் வழியே பின்னோக்கி ஏறித் தண்டுவடத்தை அடைந்து, சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டுகிறது. தசையைத் தளரச் சொல்லும் கிளைசின், காபா ஆகிய வேதிச் செய்திகள் அதோடு நின்றுவிடும். முதலில் தாடை இறுகும், பிறகு கழுத்து, முதுகு. சிறு ஓசைக்கும் உடல் வில்லாக வளையும். நோயாளிக்கோ நினைவு தப்புவதில்லை. இந்நோயின் கொடுமையே அதுதான். உறவுப் பாக்டீரியாவான கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினத்தின் பி வகை நஞ்சும் அதே புரதத்தை அதே இடத்தில்தான் வெட்டுகிறது. ஆனால் அது தசையை ஒட்டிய நரம்பு முனையில் வேலை செய்வதால் விறைப்புக்குப் பதில் தளர்வாதம் வருகிறது. அதன் ஏ வகையே, மிக நுண்ணிய அளவில், தோல் மருத்துவர்கள் முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி.

1889இல் கிட்டாசாட்டோ என்ற ஆய்வாளர் இக்கிருமியைத் தனியே வளர்த்தார். மறு ஆண்டு பெரிங் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து நச்சுமுறியைக் காட்டினார். 1924இல் நஞ்சின் வீரியத்தை நீக்கிய தடுப்பூசி வந்தது.

தொப்புள்கொடி வழியாகப் பச்சிளங்குழந்தைகளைக் கொன்ற ரணஜன்னியை, தாய்க்குப் போடும் ஊசியும் மருத்துவமனைப் பிரசவமும் அடக்கின. மாவட்டந்தோறும் 1000 பிறப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியதாக 2015இல் உறுதிசெய்யப்பட்டது. இது பெரிய சாதனை. குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் போடும், ரணஜன்னியையும் தடுக்கும் ஐந்துநோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் நாட்டில் முதலில் தொடங்கியவை தமிழகமும் கேரளமும். 10, 16 வயதுகளில் மறு ஊசி உண்டு.

அதற்குப் பிறகு ஆண்களுக்கு வழக்கமான தவணை எதுவும் இல்லை. தேசியத் தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த தாத்தாக்களில் பலர் முழுத் தவணையும் பெற்றிருக்க வாய்ப்பில்லை. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆகவே ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும், போடாதவருக்கு அதனால் காப்பு கிடைக்காது. தவணை முடிக்காதவருக்கு அழுக்கான காயம் பட்டால் டி.டி. தடுப்பூசி மட்டும் போதாது, நச்சுமுறியான இம்யூனோகுளோபுலினும் வேண்டும். உயிரைப் பறிக்கும் நஞ்சின் அளவு மிகச் சிறிது என்பதால், நோயிலிருந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. அவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.