வானத்தை நம்பி விளைந்த உப்பு

பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கடற்கரையில் கோடைகாலத்தில் கேம்பர்வேன் என்னும் வீட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு சஞ்சரிப்பவர்கள், காலையில் வெயிலைக் கண்டு மேசை நாற்காலிகளை வெளியே பரப்புவதும், உச்சிப்பொழுதில் அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து திரண்டுவரும் மேகத்தைக் கண்டு அவற்றை அவசரமாக உள்ளே வாரிப்போடுவதும், மாலையில் மறுபடியும் வெயில் எறிப்பதைப் பார்த்து அலுத்துக்கொள்வதும் சகஜம். விடுமுறைக்காரருக்கு இது வெறும் தொல்லை. ஆனால் அதே கரையில், லுவார் நதியின் முகத்துவாரத்துக்கு வடக்கே கெராந்து நகரத்தை ஒட்டியும், தெற்கே நுவார்மூத்தியே, ரே ஆகிய தீவுகளிலும், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நிலையற்ற வானத்தையே மூலதனமாகக் கொண்டு உப்புத் தொழில் நடந்து வந்திருக்கிறது.

அட்லாண்டிக் கரையில் வெயிலையும் காற்றையும் மட்டும் கொண்டு உப்பு விளைவிக்கக்கூடிய பிரதேசத்துக்குக் கெராந்து ஏறக்குறைய வடக்கு எல்லையாகும். அதற்கு அப்பாலுள்ள நாட்டார் உப்புநீரை நெருப்பிலிட்டுக் காய்ச்சவேண்டியவர்களாக இருந்தார்கள். அமாவாசை, பௌர்ணமிகளை ஒட்டி எழும் பெரிய ஓதத்தின்போது வாய்க்கால் வழியே உள்ளே வரும் கடல்நீர், களிமண் வரப்புகளால் வகுக்கப்பட்ட தேக்கங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, போகப்போக வற்றிச் செறிந்து, கடைசியில் எழுபது சதுர மீட்டர் அளவுள்ள சிறு பாத்திகளில் வந்து படிகமாகிறது. அடியில் படியும் சாம்பல் நிறமான கல்லுப்பை நீண்ட காம்புள்ள மரப்பலகையால் வரப்போரமாக இழுத்துக் குவிப்பது ஆண்களின் வேலையாகவும், வறண்ட கிழக்குக் காற்று வீசும் நாட்களில் நீரின்மேல் ஏடுபோலப் படரும் மெல்லிய உப்பை, அதாவது உப்புப்பூவை, கலையாமல் வழித்தெடுப்பது பெண்களின் வேலையாகவும் வெகுகாலம் இருந்தன. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அறுவடை. அந்த மாதங்களில் ஒரு நாழிகை மழை பெய்தாலும் பாத்தியிலுள்ள நீர் நீர்த்துப்போய், மறுபடியும் உப்புக் கட்டுவதற்குப் பல நாள் காத்திருக்க நேரும். ஆகையால் விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் பெரிதும் மாறுபடும். ஐரோப்பா முழுவதும் வறண்டு தவித்த 1976-ஆம் ஆண்டுக் கோடை இவர்களுக்கு மட்டும் பெருஞ்செல்வமாக வாய்த்தது. நல்ல வருஷத்து உப்பைச் சேமித்துவைத்துக் கெட்ட வருஷத்தைக் கடத்துவதே இத்தொழிலின் பழைய ராஜதந்திரம்.

மத்திய காலத்தில் இக்கரையின் உப்புக்கு வடதேசங்களில் பெரும் கிராக்கி இருந்தது. பால்டிக் கடலில் பிடிபடும் ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்துவதற்காக ஹன்சா என்ற வடதேச வணிக நகரக் கூட்டணியைச் சேர்ந்த வர்த்தகர்களின் கப்பல்கள் இக்கரையிலுள்ள பூர்னெஃப் விரிகுடாவுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தன. அப்படித் திரும்பிக்கொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை 1449-இல் ராபர்ட் வின்னிங்டன் என்ற ஆங்கிலேயத் தளபதி வழிமறித்துக் கைப்பற்றினான் என்றால், அழுக்கு நிறமான அந்த உப்பின் மதிப்பு எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எனினும் வானத்தைவிடக் கொடிய கணக்கொன்று உள்நாட்டில் இருந்தது. கபெல் என்ற உப்புவரி ராஜ்யமெங்கும் ஒரே விதமாக விதிக்கப்படவில்லை. கெராந்து அடங்கிய பிரிட்டனி மாகாணம், 1532-இல் பிரெஞ்சு ராஜ்யத்தோடு இணைந்தபோதிலும், தன் பழைய உரிமைகளைக் காத்துக்கொண்டு அவ்வரிக்கு விலக்குப் பெற்றிருந்தது. அதை அடுத்த மேன், அன்ஜூ மாகாணங்களிலோ, எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் குறித்த அளவு உப்பை அரசாங்கக் கிடங்கிலிருந்து, வேண்டினாலும் வேண்டாவிட்டாலும், வாங்கியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருந்தது. எல்லைக்கு இருபுறமும் விலை இருபது மடங்குக்கும் மேல் வித்தியாசப்பட்டால் மனித சுபாவம் என்ன செய்யும்? ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் இரவில் மூட்டை சுமந்தார்கள்; நாய்களைக்கூடப் பழக்கி முதுகில் உப்பைக் கட்டி எல்லை தாண்டி ஓடவிட்டார்கள். பிடிபட்ட ஆண்களுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமைத் தண்டனை வரை கிடைத்தது. 1790-இல் புரட்சிச் சபை கபெலை ஒழித்தபோது ஏழைகள் மகிழ்ந்தார்கள் என்பது மெய்யே. ஆனால் எல்லைக் கிராமங்களில் கள்ள உப்பால் ஜீவித்தவர்களின் பிழைப்பும் அதனுடன் போயிற்று. மேற்கில் குடியரசை எதிர்த்து மூண்ட ஷுவான் கலகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஷுவான், லவால் நகரப் பக்கத்து உப்புக் கடத்தல்காரன். கொடுங்கோல் வரியால் வளர்ந்தவன் அந்த வரியை விதித்த ராஜாவுக்காகவே உயிரைக் கொடுத்தான். சரித்திரத்தில் இத்தகைய விசித்திரங்களுக்குப் பஞ்சமில்லை. நெப்போலியன் 1806-இல் உப்பின்மேல் வரியை மீண்டும் ஏற்படுத்தியபோது பிரிட்டனிக்கு விலக்கு இல்லை. இரண்டாம் உலக யுத்தம் முடியும் வரை அது ஒழியவில்லை.

வீழ்ச்சியை ரயில் கொண்டுவந்தது. கிழக்கே லொரேன் பிரதேசத்துச் சுரங்க உப்பும், மத்தியதரைக் கரையின் பெரிய உப்பளங்களில் மலிவாக விளைந்த வெள்ளை உப்பும் எங்கும் பரவ, கெராந்தின் சாம்பல் உப்பை நாடுவோர் குறைந்தார்கள். 1879-இல் லெ குருவாசிக் வரை நீண்ட இருப்புப்பாதையோ வழியில் லா போல் என்ற கடற்கரை உல்லாச நகரத்தையும் தோற்றுவித்தது. 1936-இல் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று; பிற்காலத்து வீட்டுவண்டிக்காரர்கள் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர்களே. வெயிலைத் தேடி வந்தவர்களும் வெயிலால் பிழைத்தவர்களும் இப்படி ஒரே கரைக்குப் போட்டியிட, சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் உப்பளங்களை அழித்து உல்லாசப் படகுத்துறை அமைக்கும் யோசனையும் எழுந்தது. முதிய உப்பளத்தாரும், பட்டணத்தை வெறுத்து வந்து குடியேறிய இளைஞர் சிலரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். 1972-இல் உற்பத்தியாளர் குழு அமைத்தார்கள், 1979-இல் இத்தொழிலைக் கற்பிக்கும் பயிற்சியைத் தொடங்கினார்கள், 1988-இல் கூட்டுறவுச் சங்கமாயினர். தப்பிப் பிழைத்ததற்கு இந்தச் சங்கமே முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம். உப்புப்பூவுக்குச் சமையற்காரர்கள் பாடிய புகழெல்லாம் அதற்குப் பிந்தியது.

1999 டிசம்பரில் எரிகா என்ற எண்ணெய்க் கப்பல் பிரிட்டனிக்கு அப்பால் உடைந்து மூழ்கியது. உப்பளத்தார் வாய்க்கால் வாய்களை மண்ணால் அடைத்து எண்ணெயைத் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு, தங்கள் உப்பின் நற்பெயருக்குக் களங்கம் வரலாகாது என்று கருதிப் பெரும்பாலோர் அறுவடையையே துறந்தார்கள். முந்திய வருஷங்களின் சேமிப்பு அப்பொழுது அவர்களைத் தாங்கிற்று. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் கெராந்து உப்புக்குப் புவிசார் குறியீடு அளித்தது.