போட்டியில் புயல் வேகம்... பயிற்சியில் ஏன் இவ்வளவு மெதுவா? 'ஈஸி ரன்' கணக்கு இதுதான்!

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக், 1500 மீட்டர் இறுதிப்போட்டி. தங்கம் வென்ற நார்வே வீரர் யாகோப் இங்கெப்ரிக்ட்சென் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 28.32 விநாடி. ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2 நிமிடம் 19 விநாடி. சாதாரண சைக்கிளில் விரட்டினால்கூட நமக்கு மூச்சு வாங்கும்.

ஆனால், இந்த ரக வீரர்கள் ஒரு வாரத்தில் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி இந்த வேகத்தில் கிடையாது. அதற்குப் பெயர்தான் 'ஈஸி ரன்'. பெரும்பாலும் கிலோமீட்டருக்கு 4 நிமிடத்தை ஒட்டி ஓடுவார்கள். உடம்பு அசதியாக இருக்கும் நாளில் நாலரை நிமிடம், அதற்கும் மெதுவாகக்கூட போவதுண்டு. அதாவது போட்டி வேகத்தில் 60 சதவீதத்துக்கும் கீழே!

மெதுவா ஓடினா என்ன லாபம்?

இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடுகிறது. இதற்கெல்லாம் முக்கி முனகி ஓட வேண்டிய அவசியமில்லை, நிறைய நேரம் ஓடினால் போதும்.

இன்னொரு காரணம்தான் ரொம்ப முக்கியம். செவ்வாய்க்கிழமை கடுமையான பயிற்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஈஸி ரன்னை 3.30 வேகத்தில் ஓடிவிட்டால், தசையில் சேமித்து வைத்த சர்க்கரை குறைந்துவிடும், கால் கனத்துப் போகும். மறுநாள் ஓட வேண்டிய வேகம் வராது. மெதுவான நாளும் பாதி வேகம், வேகமான நாளும் பாதி வேகம் என்றாகி, இரண்டிலும் பலன் போச்சு. காயம் வரும் ஆபத்து வேறு.

அப்போ சரியான வேகம் எது?

ஒரே நம்பர் கிடையாது. ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பது பழைய சோதனை, இன்றும் நம்பலாம். நார்வே பாணியில் விரலிலோ காதிலோ ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் அளவு பார்க்கிறார்கள். ஈஸி ரன்னில் அது ஓய்வில் இருக்கும் அளவைவிட பெரிதாக ஏறக்கூடாது.

இடமும் கணக்கில் வரும். 800 மீட்டரில் 1 நிமிடம் 40.91 விநாடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா பயிற்சி எடுத்த கென்யாவின் இட்டென், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றில் ஆக்சிஜன் கம்மி, பாதையும் மேடு பள்ளமான மண் பாதை. அங்கே நாலரை நிமிடத்தில் ஓடுவதும், கடல் மட்டத்தில் தார் ரோட்டில் நாலரை நிமிடத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. கென்ய வீரர்கள் கூட்டமாகக் கிளம்பும்போது கிட்டத்தட்ட ஜாகிங் போலத் தொடங்கி, உடம்பு சூடான பிறகே வேகம் கூட்டுவது வழக்கம்.

எல்லாரும் இதை ஏத்துக்கிறாங்களா?

இல்லை. 1960, 1964 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல், பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டிடம் வாரத்துக்கு 160 கி.மீ. வரை ஓடினார். அதில் பலவும் சீரான, நல்ல வேக ஓட்டங்கள்; சும்மா ஜாகிங் இல்லை. பிரிட்டனின் செபாஸ்டியன் கோவோ அதற்கு நேரெதிர். இன்ஜினியரான அவரது அப்பா பீட்டர் கோ, தூரத்தைக் குறைத்து வேகத்துக்கு அழுத்தம் கொடுத்தார். இரண்டு வழியிலும் தங்கம் வந்தது! இயல்பிலேயே வேகம் அதிகமுள்ள 800 மீட்டர் வீரருக்கு மெதுவான ஓட்டம் இன்னும் மெதுவாகவே இருக்கலாம். 1500, 5000 இரண்டும் ஓடுபவருக்கு அதே சிரமத்தில் வேகம் தானாகக் கூடுதலாக வரும்.

நம்ம ஆட்கள் செய்யும் தப்பு, வீரர்களின் ஈஸி ரன் நேரத்தைப் பார்த்து அப்படியே ஓட முயல்வது. 5 கி.மீ. தூரத்தை 25 நிமிடத்தில் முடிப்பவரின் முழு வேகமே கிலோமீட்டருக்கு 5 நிமிடம்தான். அவருக்கு ஈஸி ரன் என்றால் ஆறேகால் முதல் 7 நிமிடம் வரை. வெயில் அதிகமென்றால் அதையும் குறைக்கலாம், தப்பில்லை.