விரியனின் நஞ்சும் குருதியின் புதிரும்

சேர்வராயன் மலையடிவாரத்துப் புதர்களிலும் கழனிகளிலும் உலவும் கண்ணாடிவிரியனுக்கு அஞ்சாதார் இலர். அதன் நஞ்சே பிறிதொரு நோயைக் கண்டறிய மருத்துவர்க்குத் துணைபுரிகின்றது. அவ்வரலாற்றை இன்று கூறுவேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராய்ந்து 1796-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். இவ்விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகின்றது.

விரியன் தீண்டியவர் குருதி உறையாது பெருகுவது ஏன்? நஞ்சானது உறைதலை அளவுகடந்து தூண்டி, அதற்குரிய பொருள்களை எல்லாம் தீர்த்துவிடுகின்றது. ஆயினும், நீர்த்த நஞ்சைக் காயத்தில் இட்டால் குருதிப்பெருக்கு நிற்கும் என 1934-இல் மக்பார்லேன், பார்னெட் என்னும் ஆங்கிலேயர் இருவர் எடுத்துக்காட்டினர்.

1952-இல் அமெரிக்காவில் கான்லி, ஹார்ட்மன் என்போர், லூப்பஸ் நோயாளர் இருவரின் குருதி சோதனைக்குழாயில் தாமதித்து உறைவதைக் கண்டனர். பின்னர் ஒரு புதுமை புலனாயிற்று. குழாயில் உறையத் தயங்கும் அத்தகைய குருதி, உடலினுள்ளே வேண்டாத இடத்தில் உறைந்து அடைத்துக்கொள்கின்றது! இளவயதிலேயே பக்கவாதம் வரும். மகளிர்க்கு மீண்டும் மீண்டும் கருச்சிதைவு நேரும். இதனை 1983-இல் இலண்டனில் கிரஹாம் ஹியூஸ் தனியொரு நோயாக விளக்கினார்.

இதன் காரணம் யாது? நம் உடலின் காவலராகிய வெள்ளணுக்களுள் பகையைத் தாக்குவனவும் உண்டு. அத்தாக்குதலை அடக்குவனவும் உண்டு. அடக்கும் அணுக்களை 1995-இல் இனங்காட்டிய ஜப்பானியர் சகாகுச்சி, 2025-இல் இருவருடன் நோபெல் பரிசு பெற்றார். இந்நோயாளரிடம் அவ்வணுக்கள் குறைந்திருத்தலை ஆய்வுகள் சில காட்டியுள்ளன. சமன்நிலை குலையின், காவலர் தம் வீட்டாரையே பகைவரெனக் கொள்வர். உடலின் சொந்தப் புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகும்.

அவற்றைக் கண்டறிவது எங்ஙனம்? விரியன் நஞ்சு உறைதலைத் தொடங்கிவைக்கும். அது நடந்தேறக் குருதியில் ஒருவகைக் கொழுப்புப்பொருள் வேண்டும். எதிர்ப்பொருள்கள் அக்கொழுப்பைப் பற்றிக்கொண்டால் உறையும் நேரம் நீளும். நீர்த்த நஞ்சைக்கொண்டு செய்யும் இச்சோதனையை 1986-இல் தியாகராஜன், பெங்கோ, ஷாபிரோ ஆகிய மூவர் வெளியிட்டனர். பன்னிரண்டு வாரங்கள் கழித்து மறுமுறையும் சோதித்தே நோயை உறுதிசெய்வர்.

கருவிழந்த பெண்ணை ராசியற்றவள் எனத் தூற்றும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. அவருட் சிலர்க்கு இந்நோயே காரணமாகலாம். ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொண்டு செய்யும் சிகிச்சையால் இந்நோயுற்ற மகளிர் பலர் குழந்தைப்பேறு எய்தியுள்ளனர். ஆதலின், ஏற்காட்டு மலையூராயினும் சேலத்து நகராயினும், பழிச்சொல் எழுமுன் மருத்துவரை நாடச் செய்தல் கற்றோர் கடமையாகும்.