தோல் டி-செல் லிம்ஃபோமாவில் செல் குறிப்பான்களின் சான்று மதிப்பு

தோல் டி-செல் லிம்ஃபோமாவின் ஒரு வகையான மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் நோயின் தொடக்க நிலைத் திட்டுகளை எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற அழற்சிகளிலிருந்து பிரித்தறிவது நுண்ணோக்கியின்கீழும் எளிதன்று. புற்றுச் செல்லை ஐயமறக் காட்டித்தரும் ஒற்றைக் குறிப்பானுக்கான தேடல் அதனால்தான் எழுந்தது. ஆனால் இந்நோய்ச் செல்கள் பெரும்பாலும் சிடி3, சிடி4, சிடி45ஆர்ஓ ஆகிய குறிப்பான்களைத் தாங்கிய நினைவு டி-செல்கள். அழற்சித் தோலில் குவிபவற்றிலும் அவையே மிகுதி. ஆகவே சிடி2, சிடி5, சிடி7, சிடி26 ஆகியவற்றின் இழப்பை வைத்தே வேற்றுமை காணப்படுகிறது. இழப்பு என்பது அளவைப் பொறுத்த சான்று. அதற்குப் பொருள் தருபவை செல் இருக்கும் இடமும் நோயின் போக்குமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தோல் லிம்ஃபோமாக்களுக்கான சர்வதேசச் சங்கத்தின் சார்பில் 2005-இல் முன்மொழியப்பட்ட மதிப்பெண் முறை இதற்கு நல்ல சான்று. நோயை உறுதிசெய்ய 4 புள்ளிகள் வேண்டும். தோல் தோற்றத்துக்கும் திசு அமைப்புக்கும் 2 புள்ளிகள் வரை கிடைக்கும். குறிப்பான்களுக்கும் மரபணு ஆய்வுக்கும் ஒவ்வொன்றே. குறிப்பான் புள்ளியைப் பெற, சிடி2, சிடி3, சிடி5 ஆகியவற்றில் ஒன்று டி-செல்களில் 50 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் போதும். சிடி7 மட்டும் 10-க்குக் கீழ் இறங்க வேண்டும். தீங்கற்ற அழற்சியிலும் சிடி7 மங்குவதால்தான் இந்தக் கண்டிப்பு. மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே குறிப்பான்கள் முரண்பட்டாலும் அதே புள்ளி உண்டு. அதாவது, இடமும் சான்றாகிறது.

இரத்தத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி எண்ணிக்கையையே தருகிறதே, அங்கே குறிப்பான் தனித்து நிற்காதா என்று கேட்கலாம். புற்று டி-செல்கள் இரத்தத்திலும் பரவும் செசாரி நோய்க்கான 2007 அளவுகோல்கள் சிடி4 செல்களில் சிடி26 இழப்புக்கு 30, சிடி7 இழப்புக்கு 40 விழுக்காடு என எல்லை வகுத்தன. ஆனால் மொத்த லிம்ஃபோசைட்டுகள் குறைந்திருந்தால் விழுக்காடு ஏமாற்றும். அதனால் பின்னர் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1000 செல்கள் என்ற நேரடி எண்ணிக்கைக்கு முதன்மை தரப்பட்டது. இரத்தத்தின் குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) தோலின் குளோனோடு ஒத்திருக்கவும் வேண்டும். கேஐஆர்3டிஎல்2 என்ற புரதம் செசாரி செல்லில் புதிதாகத் தோன்றும் குறிப்பான்தான். எனினும் இயல்பான என்கே செல்களில் ஒரு பகுதியும் அதைத் தாங்குகிறது. டி-செல் ஏற்பியின் ஒரு பகுதியைக் கண்டறியும் டிஆர்பிசி1 எதிர்ப்பொருள் ஒற்றைக் குளோனை விரைவில் காட்டும். ஆனால் லிம்ஃபோமா இல்லாதவர்களிடமும் சிறு குளோன்கள் உண்டு.

ஒற்றைக் குறிப்பான் போதும் என்பதற்கு வலுவான மறுப்பு சிடி30-இலும் சிடி8-இலும் இருக்கிறது. லிம்ஃபோமட்டாய்டு பாபுலோசிஸ், தோலின் முதன்மை அனாப்பிளாஸ்டிக் பெருஞ்செல் லிம்ஃபோமா இரண்டிலும் சிடி30 தோன்றும். தாமே ஆறித் திரும்பத் திரும்ப வரும் சிறு பருக்கள் முன்னதையும், வளர்ந்து நிலைக்கும் கட்டி பின்னதையும் காட்டுகின்றன. சிடி8, கருநிறத் தோலினரிடமும் சிறாரிடமும் அதிகம் காணப்படும் வெளிர்திட்டு மைகோசிஸ் ஃபங்காய்டிஸில் மந்தமான நோயோடு வருகிறது. மேல்தோலை அழிக்கும் சைட்டோடாக்சிக் லிம்ஃபோமாவிலோ கடும் நோயோடு வருகிறது. வெளிர்திட்டு என்றதும் தொழுநோயையும் வெண்புள்ளியையும் முதலில் எண்ணும் இந்திய மருத்துவத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது.

ஆகவே ஆய்வக அறிக்கை “சிடி7 இல்லை” என்று மட்டும் முடியக் கூடாது. எத்தனை விழுக்காட்டில், எந்த அடுக்கில், எந்தத் தோல் தோற்றத்தோடு என்று அது சொல்ல வேண்டும். அவை பொருந்தாதபோது புதிய எதிர்ப்பொருளைத் தேடுவதைவிட, சில மாதம் கழித்து மறு பயாப்ஸி எடுப்பதே பெரும்பாலும் தெளிவான விடை தரும்.