திருகோணமலை

இலங்கையின் கிழக்கு மாகாணத் தலைநகர். ஆழமான இயற்கைத் துறைமுகமே இவ்வூரின் பெருமை; அன்னியரை வரவழைத்ததும் அதுதான். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். பின் டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அது கைமாறியது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் சீனன்குடாவில் இன்றும் நிற்கின்றன.

விடுதலைக்குப் பின் கந்தளாய் முதலிய குடியேற்றங்கள் மாவட்டத்தின் மக்கள்தொகையை மாற்றின. தமிழர் தாயகக் கோரிக்கையில் வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் கண்ணி இந்நகரம். குடியேற்றங்கள் குறித்த சர்ச்சையின் வேரும் அதுவே. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இணைந்த வடகிழக்கு மாகாணத்துக்கு இதுவே தலைநகரானது. அந்த இணைப்பு செல்லாது என 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வடக்கின் நிர்வாகம் பிரிந்தது. கிழக்கின் தலைநகராகத் திருகோணமலை நீடிக்கிறது.