கணினி பொருத்துந் தொழிலாளரும் அவர்தம் வேதனமும்

ஸ்ரீபெரும்புதூர் என்றவிடத்து எம்மவர் நினைவில் முதற்கண் எழுவது அஃது இராமாநுசர் அவதரித்த திருத்தலம் என்பதே. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த அவ்வூர், இருபத்தோராம் நூற்றாண்டில் பிறிதொரு காரணத்தாலும் உலகறிந்த ஊராயிற்று. கணினி, கைபேசி, தொலைக்காட்சி முதலியவற்றின் உறுப்புகளைப் பொருத்தும் பெருந்தொழிற்சாலைகள் அதனைச் சூழ எழுந்தன. ஆங்குத் தொழில் செய்வோர் பெரும்பாலும் தமிழர். அவருள்ளும் பலர் இளம் பெண்கள். அவர்தம் வேதனமும் வேலைநிலையும் யாங்ஙனம் அமைந்தன என்பதை வரலாற்று முறையில் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில் நாடு கடந்த வரலாறு

மின்னணுப் பொருள்களின் நுட்பம் அமெரிக்காவிற் பிறந்தது. ஆயின் பொருத்தும் வேலை, கைகள் பல வேண்டும் வேலை. ஆதலின் அது மலிவான உழைப்பை நாடிக் கீழைத்தேயம் வந்தது. 1960களில் ஹொங்கொங் நகரிலும், 1972இல் மலேசியாவின் பினாங்குத் தீவிலும் அமெரிக்கக் கொம்பனிகள் ஆலைகளை நிறுவின. எம்முன்னோர் புகையிரத இலிகிதராகவும் கணக்கராகவும் சென்ற அம்மலாயா நாட்டில், கிராமத்துப் பெண்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியூடாக மயிரிழையினும் நுண்ணிய கம்பிகளை இணைக்கலாயினர். அவர் நாடளாவிய தொழிற்சங்கம் அமைத்தலை அந்நாட்டரசு நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 1988இல் அனுமதி தருவதாக அறிவித்தும், பின்னர் ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனிச் சங்கமே அமையலாம் எனச் சுருக்கிக்கொண்டது.

இலங்கையில் 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. மோட்டோரோலா, ஹரிஸ் என்னும் இரு மின்னணுக் கொம்பனிகள் ஈண்டு ஆலை நிறுவ முன்வந்திருந்தன. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரமும் அதன்பின் மூண்ட போரும் அம்முயற்சியைக் கைவிடச் செய்தன. வலயத்தில் நிலைத்தது ஆடைத் தொழிலே. கலவரத்தின் தீமை உயிருடனும் உடைமையுடனும் நில்லாது, பிறவாத தொழில்களையும் அழித்தது என்பதற்கு இஃதொரு சான்று.

தமிழகத்திற்கு இத்தொழில் பேரளவில் வந்தது 2006இலாகும். பின்லாந்து நாட்டு நொக்கியாக் கொம்பனி 2005இல் தமிழக அரசுடன் ஒப்பந்தஞ் செய்து, மறு ஆண்டில் கைபேசி உற்பத்தியைத் தொடங்கிற்று. நிலம், தடையற்ற மின்சாரம், வரிச்சலுகை ஆகியவற்றை அரசு அளித்தது. அதனைத் தொடர்ந்து தாய்வான் நாட்டுப் பொக்ஸ்கொன் கொம்பனியும், 2007இல் கணினி பொருத்தும் டெல் கொம்பனியும், தொலைக்காட்சி, குளிரூட்டி முதலியன செய்யும் சாம்சங் கொம்பனியும் அவ்வட்டாரத்தில் ஆலை திறந்தன.

வேலையின் தன்மை

மின்சுற்றுப் பலகையிற் பற்றாசுக் குழம்பைப் பூசுதலும், கடுகினுஞ் சிறிய உறுப்புகளை அதன்மீது பதித்தலும், பின் அதனைச் சூளையிலிட்டு உறுதியாக்கலும் இயந்திரத்தின் வேலைகள். பலகையைக் கூட்டினுட் பொருத்தல், திருகாணி முடுக்கல், திரை ஒட்டல், சோதித்தல், பொதிசெய்தல் என்பன மனிதர் கைக்குரியன. தொழிலாளர் மேலங்கியும் தலையுறையும் அணிந்து, உடலின் மின்னேற்றம் பொருளைத் தாக்காவண்ணம் மணிக்கட்டிற் கம்பி பூட்டி, ஓடும் பட்டையின் அருகே நிற்பர். ஒருவர் செய்வது ஒரே செயல். அதனை ஒரு நாளிற் பன்னூறு முறை செய்தல் வேண்டும். மணிக்கு இத்தனை என்னும் இலக்கு உண்டு. எந்திரத்தின் ஓட்டமே வேலையின் வேகத்தை விதிக்கும்.

இவ்வேலையைச் சில நாளிற் கற்றுக்கொள்ளலாம். அதுவே தொழிலாளியின் பலவீனம். பல்லாண்டு பயின்ற பொற்கொல்லன் வேலையை விட்டு நீங்கினால் முதலாளிக்கு நட்டம். ஈண்டு ஒருவர் நீங்கினால் மற்றொருவர் அடுத்த வாரமே அவ்விடத்தில் நிற்பார். நிரந்தரத் தொழிலாளர், பயிலுநர், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தோர் என மூவகையினர் ஒரே பட்டையருகே ஒரே வேலையைச் செய்து வெவ்வேறு வேதனம் பெறுதலும் இதன் விளைவேயாம்.

வேதனமும் வாழ்வும்

2021ஆம் ஆண்டில் ஐபோன் பொருத்திய பொக்ஸ்கொன் ஆலைப் பெண்கள் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 10,500 இந்திய ரூபா பெற்றனர். அது சட்டம் விதித்த குறைந்தபட்ச வேதனத்தினும் மிகுந்ததே. ஆயின் அதிலிருந்தே உறைவிடத்துக்கும் உணவுக்கும் கொடுத்தல் வேண்டும். ஓர் அறையில் அறுவர் முதல் முப்பதின்மர் வரை தங்கினர். அவ்வாண்டு டிசெம்பரில் விடுதியுணவு நஞ்சாகி 250க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் சிலர் இறந்தனர் என்னும் வதந்தி பரவவே, ஆயிரக்கணக்கான பெண்கள் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12ஆந் திகதி மீண்டுந் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதித் தொகுதியை அரசு திறந்தது.

ஈண்டு ஓர் உண்மை நோக்கற்பாலது. அப்பெண்கள் எழுந்தது வேதனவுயர்வு வேண்டியன்று. எவரிடம் முறையிடுவது என அறியாமையும், தமக்காகப் பேசவல்ல அமைப்பு யாதும் இன்மையுமே வதந்தியைப் பெருநெருப்பாக்கின. சங்கமில்லாத ஆலையில் மௌனம் நிலவும். அம்மௌனத்தை அமைதியெனக் கொள்ளுதல் தவறு.

சங்கவுரிமையின் நூறாண்டு

தொழிலாளர் ஒன்றுகூடிப் பேசும் உரிமை சென்னையிற் புதிதாக எழுந்த கோரிக்கையன்று. 1918 ஏப்ரிலில் பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். திரு. வி. கலியாணசுந்தரனார் அதற்குத் துணைநின்றார். ஆலையின் முதலாளிகளாகிய பின்னிக் கொம்பனியார் வாடியாமீது சென்னை உயர் நீதிமன்றில் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் நட்டவீட்டுத் தீர்ப்பும் பெற்றனர். சங்கம் நடத்துதலே குற்றமாயின் தொழிலாளர் கதி யாது என்னும் வினா அவ்வழக்கால் எழுந்தது. அதன் பயனாய் வந்ததே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்.

நொக்கியாத் தொழிலாளர் 2009இலும் 2010இலும் வேலைநிறுத்தஞ் செய்தனர். 2010 செப்ரெம்பரில் பொக்ஸ்கொன் தொழிலாளர் வேதனவுயர்வும் தாம் தெரிந்த சங்கத்திற்கு அங்கீகாரமும் வேண்டி நிறுத்தஞ் செய்தபோது நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அவ்வாண்டிலேயே சீனாவின் சென்சென் நகரில் அதே கொம்பனியின் இளந்தொழிலாளர் பலர் அடுத்தடுத்துத் தற்கொலை செய்தமை உலகை அதிரச் செய்தது. கட்டடங்களைச் சுற்றி வலை கட்டப்பட்டது. அடிப்படை மாத வேதனம் 900 யுவானிலிருந்து 1,200 யுவானாக உயர்ந்தது. உயிரிழந்த பின்னரே செவிசாய்த்தனர் என்பது வேதனைக்குரியது.

2024 செப்ரெம்பர் 9ஆந் திகதி சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தந் தொடங்கி 37 நாள் நின்றனர். சராசரி 25,000 ரூபாவாயிருந்த மாத வேதனத்தை மூன்றாண்டுகளில் 36,000 ஆக்குதல் ஒரு கோரிக்கை. அதனினும் முதன்மையானது தம் சங்கத்தைப் பதிவுசெய்து ஏற்க வேண்டும் என்பது. விடயம் சென்னை உயர் நீதிமன்றஞ் சென்றது. 2025 ஜனவரி 27ஆந் திகதி 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சங்கம் பதிவாயிற்று. வாடியா தோற்ற நீதிமன்றின் வாயிலிலேயே, அத்தோல்வியாற் பிறந்த சட்டத்தைக் கையிலேந்தி அவர்தம் வழித்தோன்றல்கள் நின்றனர் எனல் பொருந்தும். அச்சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலுறவுக் கோவையுள் அடங்கியது. நூற்றுக்கு 51 பேரின் ஆதரவுடைய சங்கமே தனித்துப் பேசும் உரிமையுடையது என அக்கோவை கூறும். இலங்கையில் 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நூற்றுக்கு 40 பேர் சேர்ந்த சங்கத்தோடு முதலாளி பேச மறுத்தல் ஆகாது என விதித்துள்ளது.

ஆலை பெயர்ந்தபோது

சங்கம் உரிமை தரும். ஆயின் ஆலையை நிறுத்திவைக்கும் ஆற்றல் அதற்கில்லை. வரித் தகராறில் அகப்பட்ட நொக்கியா ஆலை, கைபேசித் தொழிலை மைக்ரோசொப்ற் கொம்பனி வாங்கியபோது அவ்விற்பனையிற் சேராது ஒதுக்கப்பட்டு, 2014 நவம்பர் முதலாந் திகதி மூடப்பட்டது. ஒருகாலத்தில் எண்ணாயிரவர் பணிபுரிந்த ஆலை அது. மூடுமுன்பே ஐயாயிரவரளவில் இழப்பீடு பெற்று விலகினர். அடுத்த மாதமே பொக்ஸ்கொன் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. இருபத்தைந்து வயதினள் ஒருத்தி, தான் எட்டாண்டு செய்த வேலையின் திறன் வேறெங்கும் விலைபோகாது என அறிந்து ஊர் திரும்புவதன் துயரை எந்த இழப்பீடு ஈடுசெய்யும்?

முடிபுரை

எமது குடாநாட்டில் இத்தகைய பேராலை எழுந்ததில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றபின், பெருந்தொழில் வேண்டும் என்னும் குரல் எம்மிடை ஓயாது ஒலிக்கின்றது. அவ்வேட்கை நியாயமானதே. வேலையின்றி இளைஞர் கடல்கடந்து போகும் நாட்டில், ஆலை வேண்டாம் என்பார் அறிவுடையோராகார்.

ஆயின் மேற்கூறிய வரலாறு ஒன்றை உணர்த்துகின்றது. நிலமும் நீரும் மின்சாரமும் வரிச்சலுகையும் ஆலை வருமுன் எழுத்தில் உறுதிசெய்யப்படுகின்றன. தொழிலாளியின் உறைவிடம், சங்கவுரிமை, ஆலை பெயருங்கால் அவனுக்குரிய ஈடு என்பன பின்னர்ப் போராடிப் பெறவேண்டியனவாய் விடப்படுகின்றன. முதலைக் கவர்வதற்காக அரசு இணங்கிப் பேசும் அந்நாளிலேயே உழைப்போர் சார்பிலும் பேசுதல் கூடும். ஆலை எழுந்தபின் அவ்வாய்ப்பு அருகிவிடும். நாளை வடபுலத்தில் அத்தகைய ஒப்பந்தம் எழுதப்படுமாயின், அதனை எழுதுவோரும் சரிபார்ப்போரும் இன்று எம் கல்லூரிகளிற் பயிலும் மாணவராயிருத்தல் கூடும். அவர்கள் ஒப்பந்தத்தின் முதற்பக்கத்திலேயே தொழிலாளிக்கும் ஓரிடம் ஒதுக்குவாராக.