கடலுக்கும் அணை உண்டு

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். கடலுக்கு எதை அணையாகப் போடுவது? தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரை இதற்குப் பதில் சொல்கிறது.

இது பெரும்பாலும் சேற்றுக் கரை. இங்கு இயற்கையாக வளர்பவை அப்பி-அப்பி, பாக்காவ் போன்ற அலையாத்தி மரங்கள். இவற்றின் வேர்கள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. தணிந்த நீரில் வண்டல் படிந்து கரை உயர்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நெல்லுக்காகவும் தென்னைக்காகவும் தாழ்நிலங்களில் மண் அணைகள் எழுந்தன. முன்னால் நின்ற காடே அவற்றுக்குக் கவசம். காடு அழிந்த இடங்களில் அலை நேரே அணையில் மோதியது. நாட்டின் சுமார் 4,800 கிலோமீட்டர் கடற்கரையில் ஏறக்குறைய 29 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதைத் தேசிய ஆய்வு ஒன்று காட்டியது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி மலேசியாவிலும் 68 உயிர்களைப் பறித்தது. அதன் பின்னரே, 2005இல், அரசாங்கம் கடலோர மரநடவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் சேறு கரைந்துபோன இடங்களில் கன்றுகளை அலை இழுத்துச் சென்றது. எனவே சிலாங்கூரின் சுங்கை ஹாஜி டோரானியில் முதலில் கற்களால் அலைத்தடுப்பு அமைத்து, அதன் பின்புறம் கன்றுகள் நடப்பட்டன.

பேராக், மாத்தாங் காட்டின் கதை வேறு. சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள அக்காட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாக மரம் வெட்டுகிறார்கள். ஆயினும் 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, காடு மீண்டும் வளர வழிவிடுவதால் அது இன்றும் நிற்கிறது.

இழந்த காட்டை மீட்கக் கல்லும் காசும் காலமும் வேண்டும். இருக்கும் காட்டைக் காக்க அக்கறை போதும். வருமுன் போடும் அணை அதுவே.